சுரங்கத்துக் கேனரி: ஒரு குருவியின் பெயரைச் செய்திகளில் எப்படிப் புரிந்துகொள்வது?

2025 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் பிரின்ஜால்ஃப்சன் உள்ளிட்ட மூன்று பொருளியலாளர்கள் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். செயற்கை நுண்ணறிவு அமெரிக்க வேலைச் சந்தையை எப்படி மாற்றுகிறது என்பது அதன் பொருள். மென்பொருள் எழுதுதல், வாடிக்கையாளர் சேவை போல இந்தத் தொழில்நுட்பம் ஆழமாக நுழைந்திருக்கும் வேலைகளில், 22 முதல் 25 வயது வரை உள்ளவர்களின் எண்ணிக்கை ஒப்பீட்டளவில் 13 சதவீதம் குறைந்திருப்பதாக அது சொன்னது. அந்த அறிக்கையின் தலைப்பு ‘நிலக்கரிச் சுரங்கத்துக் கேனரிகளா?’ என்ற கேள்வி.

ஆங்கிலச் செய்திகளில் இந்தத் தொடர் சர்வ சாதாரணம். நச்சுக்காற்றைக் கண்டறியச் சுரங்கத்துக்குள் கொண்டுசென்ற குருவியை வைத்து வந்த உவமை இது. வெளுத்துப்போகும் பவளப்பாறை கேனரி, அழியும் தவளை கேனரி, கடலில் மூழ்கவிருக்கும் தீவு கேனரி, விற்காத கார் கேனரி. தமிழில் செய்தி எழுதுபவர்கள் இதை ‘எச்சரிக்கை மணி’ என்று மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அப்படி மாற்றும்போது தொடரின் உயிரான பொருள் தொலைந்துபோகிறது. மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். அங்கே ‘கேனரி வெளியீடு’ என்பது அன்றாடச் சொல், அதன் பொருளோ வேறு. ஒரு சிறு குருவியின் பெயர் இத்தனை இடங்களுக்கு எப்படிப் போனது, எந்த இடத்தில் என்ன பொருள் தருகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

பெயரின் வேர்: நாய், தீவு, மது, பறவை

கேனரி என்ற சொல்லைக் கேட்டதும் மஞ்சள் குருவி நினைவுக்கு வருகிறது. சொல்லின் வேரைத் தோண்டினால் முதலில் கிடைப்பது நாய்.

லத்தீன் மொழியில் ‘கேனிஸ்’ என்றால் நாய். ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. மௌரிடேனியாவின் அரசர் இரண்டாம் ஜூபா திரட்டிய தகவல்களை மேற்கோள் காட்டி, அந்தத் தீவுகளில் ஒன்றில் பெரிய உருவம் கொண்ட நாய்கள் ஏராளமாக இருந்ததாகவும், அதனாலேயே அது ‘கனாரியா’ எனப்பட்டதாகவும், அவற்றில் இரண்டு ஜூபாவிடம் கொண்டுவரப்பட்டதாகவும் ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த கனாரி என்ற குடியினரின் பெயரே தீவுக்கு வந்தது என்ற மாற்றுக் கருத்தும் உண்டு. ஆனால் அந்தத் தீவு மக்கள் நாய்க் கதையையே தங்கள் அடையாளமாக ஏற்றுக்கொண்டார்கள். இன்றைக்கும் கேனரித் தீவுகளின் சின்னத்தில் கேடயத்துக்கு இருபுறமும் நிற்பவை இரண்டு நாய்கள். குருவி அதில் இல்லை.

15ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் இந்தத் தீவுகளைக் கைப்பற்றி முடித்தது. அதன்பின் அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போன பொருள்களெல்லாம் தீவின் பெயரைச் சுமந்தே போயின. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘கேனரி’ என்று கேட்டால் இனிப்பான திராட்சை மது கிடைக்கும். துள்ளலான ஒரு நடனத்துக்கும் அதே பெயர் இருந்தது. பறவை இன்னொன்று. முதலில் ‘கேனரிப் பறவை’ என்று முழுதாகச் சொன்னார்கள். நாளடைவில் மதுவும் நடனமும் மறந்துபோக, தனிச் சொல்லே பறவைக்கு நின்றுவிட்டது. பத்தமடை என்றாலே பாய், திண்டுக்கல் என்றாலே பூட்டு என்று நம் நினைவில் ஊரும் பொருளும் ஒட்டிக்கொள்வதைப் போன்றதுதான் இது. அங்கே ஊர்ப்பெயர் பொருளையே விழுங்கிவிட்டது.

லண்டனின் வங்கி வளாகமான கேனரி வார்ஃபின் பெயருக்கும் பறவை காரணமில்லை. 1930களில் கேனரித் தீவுகளிலிருந்து பழங்கள் வந்திறங்கிய துறை அது. அந்தத் துறை அமைந்திருக்கும் நிலப்பகுதியின் பழைய பெயர் ‘நாய்களின் தீவு’. இரண்டு பெயர்களும் ஒன்றையொன்று அறியாமல் ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருக்கின்றன.

பறவை: பச்சையும் மஞ்சளும்

காட்டுக் கேனரி மஞ்சள் பறவை இல்லை. கேனரித் தீவுகள், மடெய்ரா, அசோர்ஸ் ஆகிய தீவுகளில் வாழும் இந்தக் குருவி 12 முதல் 13 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். முதுகில் பழுப்பும் சாம்பலுமான கோடுகள், நெஞ்சில் பச்சை கலந்த மஞ்சள். புதருக்குள் உட்கார்ந்தால் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. லின்னேயஸ் 1758இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியபோது ஃபிஞ்ச் இனத்தில் சேர்த்தார். இன்றைய வகைப்பாட்டிலும் இது உண்மையான ஃபிஞ்ச் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. டார்வினின் ஃபிஞ்சுகள் எனப்படும் கலாபகோஸ் பறவைகளும், நம் ஊர்ப் பறவைக் கடைகளில் விற்கும் வரிக்குதிரை ஃபிஞ்சுகளும் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆங்கிலத்தில் தடித்த அலகால் விதை கொறிக்கும் சிறு குருவிகள் பலவற்றுக்கும் ‘ஃபிஞ்ச்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை வைத்து உறவைக் கணக்கிட முடியாது.

மஞ்சள் நிறம் கூண்டில் உருவானது. இறகில் கருமையும் பழுப்பும் தரும் மெலனின் குறைந்த பறவைகளைத் தேர்ந்து, பல தலைமுறைகள் இனப்பெருக்கம் செய்தபோது, உணவிலிருந்து வரும் மஞ்சள் நிறமி மட்டும் வெளியே தெரியத் தொடங்கியது. ‘கேனரி மஞ்சள்’ என்று இன்று பெயின்ட் டப்பாவில் அச்சாகும் நிறம் மனிதர்கள் வளர்த்தெடுத்த நிறம்தான்.

இன்னொரு செய்தி சுரங்கக் கதைக்கு முன்னுரை போல அமைகிறது. ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலையில் சாங்க்ட் அந்த்ரேயஸ்பெர்க் என்ற வெள்ளிச் சுரங்க ஊர் உண்டு. அங்கே சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் உபவருமானத்துக்காகக் கேனரி வளர்த்தன. வாயை அதிகம் திறக்காமல் தொண்டைக்குள் உருட்டி உருட்டிப் பாடும் ‘ஹார்ட்ஸ் ரோலர்’ என்ற வகை அந்த மலையில் உருவானது. ஆக, விஞ்ஞானி ஒருவர் சொல்லும் முன்பே சுரங்கக்காரர்களின் வீட்டில் இந்தக் குருவி இருந்தது. சுரங்கத்துக்குள் அது இறங்கியது பிறகுதான்.

சுரங்கத்தில் உண்மையில் நடந்தது என்ன?

1896 ஜனவரியில் தெற்கு வேல்ஸில் டைலர்ஸ்டவுன் நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 57 பேர் இறந்தார்கள். ஸ்காட்லாந்து உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன் அங்கே சென்று உடல்களை ஆராய்ந்தார். வெடிப்பின் வேகத்தில் சிதைந்தோ எரிந்தோ இறந்தவர்களைவிட, வெளிக்காயம் பெரிதாக இல்லாமல் இறந்தவர்களே அதிகம் என்று கண்டார். அவர்களைக் கொன்றது வெடிப்புக்குப் பின் சுரங்க வழிகளில் பரவிய கார்பன் மோனாக்சைடு.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு இது ஒட்டிக்கொள்ளும் பிடிப்பு, ஆக்சிஜனைப் போல ஏறக்குறைய 200 மடங்குக்கும் மேல். மூச்சு விட முடிகிறது, காற்றும் உள்ளே போகிறது, ஆனால் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுவதில்லை. தலை கனக்கும், கால் தளரும், யோசிக்கும் திறன் மங்கும். ஆபத்து என்று உணரும் நேரத்தில் எழுந்து நடக்க வலு இருக்காது. மலைவாசத்தலங்களில் குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் காலையில் இறந்து கிடந்ததாக அவ்வப்போது வரும் செய்திகளுக்கும் இதே வாயுதான் காரணம்.

இந்த வாயுவைக் காட்டிக்கொடுக்க எலி, குருவி போன்ற சிறிய உயிர்களைக் கொண்டுசெல்லலாம் என்றார் ஹால்டேன். அவர் சொன்ன காரணம் முக்கியமானது. சிறிய உடல் வேகமாக இயங்குகிறது. எடைக்கு எடை ஒப்பிட்டால் மனிதரைவிடப் பல மடங்கு வேகமாகக் காற்றை இழுத்து இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே மனிதரின் இரத்தத்தில் அபாய அளவை எட்ட நெடுநேரம் எடுக்கும் அதே காற்று, குருவியின் இரத்தத்தில் சில நிமிடங்களில் எட்டிவிடுகிறது. பறவைகளின் நுரையீரலோடு காற்றுப்பைகளும் இணைந்திருப்பதால், மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் நுரையீரல் வழியே புதுக் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இதுவும் வேகத்தைக் கூட்டுகிறது.

எலியை விடக் குருவி வசதியாகப் போனதற்குக் காரணம் எளிது. எலி மயங்கினால் சுருண்டு கிடக்கும், தூங்குகிறதா என்று தெரியாது. குருவி கம்பியில் உட்கார்ந்திருக்கும். வாயு ஏறினால் இறகைச் சிலுப்பும், தள்ளாடும், கம்பியிலிருந்து கீழே விழும். அரையிருட்டில் விளக்கைத் தூக்கிப் பார்க்கும் ஒருவருக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

இங்கே மூன்று தவறான எண்ணங்கள் பரவலாக இருக்கின்றன.

1. ஒவ்வொரு தொழிலாளியும் தினமும் குருவிக் கூண்டோடு வேலைக்கு இறங்கினார் என்பது முதல் தவறு. கேனரி முக்கியமாக மீட்புக் குழுவினரின் கருவி. வெடிப்புக்கோ தீவிபத்துக்கோ பிறகு, உள்ளே நுழைகிற குழு அதை முன்னால் பிடித்துக்கொண்டு போகும். பிரிட்டனில் 1911இலிருந்து ஒரு சுரங்கத்துக்கு இரண்டு கேனரிகள் என்ற வழக்கம் நிலைத்தது.

2. வெடிப்பு வரப்போவதைக் கேனரி முன்கூட்டிச் சொல்லும் என்பது இரண்டாவது. வெடிப்பை உண்டாக்குவது மீத்தேன். அதைக் கண்டுபிடிக்க 1815இல் ஹம்ஃப்ரி டேவி வடிவமைத்ததைப் போன்ற பாதுகாப்பு விளக்குகள் இருந்தன. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீல நிறத் தொப்பி போல ஒளி எழும்பும். கேனரியின் வேலை நச்சைக் காட்டுவது.

3. குருவி சாக வேண்டும் என்று கொண்டுபோனார்கள் என்பது மூன்றாவது. மான்செஸ்டர் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், சீப் கோர்மன் நிறுவனம் செய்த ஒரு கேனரிக் கூண்டு இருக்கிறது. அலுமினியப் பெட்டி, முன்பக்கம் வட்டமான கம்பிவலை வாசல், மேலே கைப்பிடியைப் போல ஒரு சிறிய ஆக்சிஜன் உருளை. குருவி தள்ளாடியதும் வாசலை மூடி, உருளையின் திருகைத் திறப்பார்கள். ஆக்சிஜன் பாய்ந்து குருவி மீண்டு எழும். மீட்புக் குழுவினர் தங்கள் குருவிகளோடு பேசியபடி, சீட்டியடித்தபடி நடந்ததைப் பழைய தொழிலாளர்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

முதல் உலகப்போரில் எதிரி அகழிகளுக்கு அடியில் சுரங்கம் தோண்டிய வீரர்களும் கேனரியையும் எலியையும் கொண்டுசென்றார்கள். எடின்பரோவின் ஸ்காட்லாந்து தேசியப் போர் நினைவகத்தில் ‘சுரங்கம் தோண்டியோரின் நண்பர்கள்’ என்று அந்த உயிர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. டோக்கியோ சுரங்க ரயிலில் சரின் வாயுத் தாக்குதல் நடந்து இரண்டு நாள் கழித்து, 1995 மார்ச் 22 அன்று, அதை நடத்திய ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பின் வளாகத்துக்குள் நுழைந்த ஜப்பானியக் காவலர்களின் கையிலும் கேனரிக் கூண்டு இருந்தது.

பிரிட்டன் சுரங்கங்களில் எஞ்சியிருந்த 200க்கும் மேற்பட்ட கேனரிகளுக்குப் பதிலாக மின்னணுக் கருவிகள் படிப்படியாக வரும் என்ற அறிவிப்பு 1986 டிசம்பரில் வெளியானது. கையில் பிடித்துச் செல்லும் சிறு கருவி, அளவை எண்ணாகவே காட்டும். அதுதான் பயனுள்ளது. ஆனாலும் குருவிகளைப் பிரிய தொழிலாளர்கள் வருந்தினார்கள்.

இந்தியச் சுரங்கவியல் பாடநூல்களில் கேனரியோடு முனியா என்ற பெயரும் இடம்பெறுகிறது. முனியா என்பது நம் வயல்களில் கூட்டமாகக் கதிர் கொறிக்கும் சில்லைக் குருவி. ஐரோப்பியக் குருவி கிடைக்காத இடத்தில் நம் குருவி அந்த வேலையைச் செய்தது.

உவமைக்கு நான்கு நிபந்தனைகள்

மேலே சொன்ன செயல்முறையைக் கவனித்தால், எதைச் சுரங்கத்துக் கேனரி என்று சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது விளங்கும்.

1. காற்று ஒன்றாக இருக்க வேண்டும். குருவி இழுக்கும் அதே காற்றை மனிதரும் இழுக்கிறார். குருவிக்கு வந்த காரணமே மனிதருக்கும் வரப்போகிறது. இந்த ஒற்றுமை இல்லாவிட்டால் உவமை விழுந்துவிடும்.

2. வேகம் வேறாக இருக்க வேண்டும். குருவிக்கு முதலில், மனிதருக்குப் பின்னர். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில நிமிடங்களே அந்த உவமையின் மொத்த மதிப்பு. குருவி கெட்ட உயிரோ, குறையுள்ள உயிரோ இல்லை. அதன் உடல் வேகமாக வாழ்கிறது, அவ்வளவுதான். ஏழைகளையோ சிறுபான்மையினரையோ கேனரி என்று சொல்லும்போது இந்த இடத்தில் மிகவும் கவனம் வேண்டும். 1953இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் ஃபெலிக்ஸ் கோஹன், தம் நாட்டில் பழங்குடியினர் நடத்தப்படும் விதத்தைச் சுரங்கத்துக் கேனரியோடு ஒப்பிட்டார். அரசியல் காற்று நச்சாக மாறுவதை அவர்களுடைய நிலை காட்டிக்கொடுக்கிறது என்றார். பழி காற்றின் மீது விழுகிறது, பறவையின் மீது விழவில்லை என்பதால் அந்த ஒப்பீடு இன்றும் நிற்கிறது.

3. பாதிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதைப் பார்க்க ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

4. செய்வதற்கு ஏதாவது மிச்சமிருக்க வேண்டும். வெளியேறலாம், சுவாசக் கருவி மாட்டலாம். எல்லாம் முடிந்த பிறகு தெரியவரும் அடையாளம் கேனரி ஆகாது.

இந்த நான்கிலும் தேறும் எடுத்துக்காட்டு ஜப்பானின் மினமாட்டா. 1950களில் அந்தக் கடலோர ஊரில் பூனைகள் வலிப்பு வந்து சுழன்று சுழன்று விழுந்தன. ஊர்க்காரர்கள் அதை நடனமாடும் நோய் என்றார்கள். ரசாயன ஆலையின் கழிவிலிருந்த மெத்தில் பாதரசம் மீனில் சேர்ந்திருந்தது. பூனை தின்றதும் அந்த மீன், மனிதர் தின்றதும் அந்த மீன். 1956 மே மாதம் மனிதர்களிடம் நோய் அதிகாரப்பூர்வமாகப் பதிவாவதற்கு முன்பே பூனைகள் அதைக் காட்டிவிட்டன. பார்த்தவர்கள் இருந்தார்கள். அர்த்தம் புரியவில்லை.

தேறாத எடுத்துக்காட்டு நம் மண்ணிலேயே இருக்கிறது. தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் 1990களிலிருந்து கூட்டம் கூட்டமாக இறந்தன. சில இனங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் அழிந்தன. மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்று நாம் காப்பாற்றப் போராடுவது எஞ்சியவற்றில் ஒரு சிறு கூட்டத்தை. மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் உடல் வழியே கழுகின் சிறுநீரகத்தை அழிப்பதாக 2004இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 2006இல் இந்தியா அதைக் கால்நடைகளுக்குத் தருவதைத் தடை செய்தது. இந்தக் கழுகையும் ‘கேனரி’ என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. அதே மருந்தை மனிதர்கள் மூட்டுவலிக்கு விழுங்குகிறார்கள். கழுகுக்கு நேர்ந்தது மனிதருக்கு நேரப்போவதன் முன்னோட்டம் இல்லை. காற்று ஒன்றாக இல்லை. கழுகு தன்னளவிலேயே பலியான உயிர். அதைக் காப்பாற்றுவதற்கு அது நமக்குத் தரும் எச்சரிக்கை காரணமாக இருக்க வேண்டியதில்லை. அது கழுகு என்பதே போதும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒன்றைக் கேனரி என்று யாராவது எழுதினால், அது கேனரியா, கழுகா என்று கேட்டுப் பார்க்கலாம்.

கணினி உலகத்துக் கேனரிகள்

கணினித் துறை இந்தச் சொல்லைக் குறைந்தது மூன்று விதமாகப் பயன்படுத்துகிறது. மூன்றும் ஒன்றல்ல.

1. கேனரி வெளியீடு. ஒரு செயலியின் புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுக்காமல், முதலில் மிகச் சிறிய பகுதியினருக்குக் கொடுத்துப் பார்ப்பது. பிழை எண்ணிக்கை ஏறினால் உடனே பழைய பதிப்புக்குத் திரும்பிவிடலாம். கூகுள் தன் குரோம் உலாவியின் சோதனைப் பதிப்புக்கே 2010இல் கேனரி என்று பெயர் வைத்தது. உண்மையைச் சொன்னால், இது சுரங்கக் குருவியைவிட நம் அடுக்களைக்கு நெருக்கமானது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். இங்கே சோதனைக்கு வருபவர்கள் மற்றவர்களைவிட வேகமாகப் பாதிக்கப்படும் தனி இனமில்லை, எல்லாரையும் போன்ற ஒரு மாதிரி. இரண்டாவது நிபந்தனை இங்கே கிடையாது.

2. அடுக்குக் கேனரி. ஒரு நிரல் இயங்கும்போது தற்காலிகத் தரவுகளையும், வேலை முடிந்தபின் எங்கே திரும்ப வேண்டும் என்ற முகவரியையும் நினைவகத்தின் ஓர் அடுக்கில் வைத்துக்கொள்கிறது. ஒதுக்கிய இடத்தைத் தாண்டித் தரவைக் கொட்டி, அந்த முகவரியின் மேல் எழுதிவிட்டால் ஊடுருவுபவர் நிரலைத் தன் போக்குக்கு இழுக்கலாம். 1998இல் கிரிஸ்பின் கோவன் குழுவினர் உருவாக்கிய ஸ்டாக்கார்ட் என்ற பாதுகாப்பு முறை, இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்தது. கொட்டுகிற தரவு முகவரியை அடையும் முன் இந்த எண்ணை அழித்தாக வேண்டும். திரும்புவதற்கு முன் நிரல் அந்த எண்ணைச் சரிபார்க்கும். மாறியிருந்தால் நிரல் அங்கேயே நிறுத்தப்படும். சுரங்க உவமை ஏறக்குறைய முழுதாகப் பொருந்தும் இடம் இது. கேனரி நிற்பது அபாயம் வரும் பாதையிலேயே, நமக்கு ஓரடி முன்னால்.

3. ஆணைக் கேனரி. அமெரிக்காவில் அரசு ஒரு நிறுவனத்திடம் பயனரின் தகவலை ரகசியமாகக் கேட்கும்போது, கேட்டதையே வெளியே சொல்லக் கூடாது என்று தடை விதிக்கலாம். ஆகவே சில நிறுவனங்கள் ‘இதுவரை அப்படி ஓர் ஆணை எங்களுக்கு வரவில்லை’ என்ற வாக்கியத்தைத் தங்கள் அறிக்கையில் வெளியிட்டு வந்தன. வாக்கியம் காணாமல் போனால் படிப்பவர் புரிந்துகொள்ள வேண்டும். ரெடிட் நிறுவனத்தின் அறிக்கையிலிருந்து 2016இல் இப்படி ஒரு வாக்கியம் மறைந்தது செய்தியானது. பாட்டு நின்றுபோவதே செய்தி என்பதால் இந்தப் பெயர்.

பாட்டு, நிறம்: இதர வழக்குகள்

பாட்டை வைத்து வந்த பொருள் வேறு திசையில் போகிறது. அமெரிக்கக் குற்றவுலகப் பேச்சில் கேனரி என்றால் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பவர். ஏப் ரெலஸ் என்ற கொலைக் கும்பல்காரர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியபின், 1941 நவம்பரில் காவலர் பாதுகாப்பில் இருந்த நியூயார்க் விடுதி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். ‘பாடத் தெரிந்தும் பறக்கத் தெரியாத கேனரி’ என்று அவரைக் குறிப்பிட்டார்கள். ஆக, அரசியல் செய்தியில் ஒருவரைக் கேனரி என்று படித்தால், அவர் எச்சரிப்பவரா, காட்டிக்கொடுப்பவரா என்று முன்பின் வரிகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

நிறத்தை வைத்து வந்தவற்றில் இங்கிலாந்தின் நார்விச் சிட்டி கால்பந்துக் குழு இனிமையான கதை. ஐரோப்பாவின் பிளாண்டர்ஸ் பகுதியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த நெசவாளர்களோடு கேனரி வளர்ப்பும் அந்த ஊருக்கு வந்ததாகச் சொல்கிறார்கள். குழுவுக்குக் கேனரிகள் என்ற செல்லப்பெயர் முதலில் வந்தது, மஞ்சள் சட்டை 1907இல் பிறகு வந்தது. கசப்பான கதை முதல் உலகப்போரின் ‘கேனரிப் பெண்கள்’. பிரிட்டனில் வெடிகுண்டு ஆலைகளில் டிஎன்டி என்ற வெடிமருந்தை நிரப்பிய பெண்களின் தோலும் முடியும் அந்த ரசாயனத்தால் மஞ்சளாயின. கல்லீரல் கெட்டுச் சிலர் இறந்தார்கள். கொஞ்சலாக ஒலிக்கும் பெயருக்குள் ஒரு தொழில்நோய் ஒளிந்திருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது?

‘எச்சரிக்கை மணி’ என்ற மொழிபெயர்ப்பில் மணிக்கு வலிக்காது. ‘முதல் பலி’ என்றால் மற்றவர்கள் தப்பிக்க நேரமிருக்கிறது என்ற பொருள் போய்விடும். ‘அறிகுறி’ என்பது நெருங்கி வருகிறது, ஆனால் காய்ச்சல் என்ற அறிகுறி நோயாளியின் உடலிலேயே தோன்றுகிறது. கேனரியோ இன்னோர் உயிர்.

நமக்கே உரிய இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சங்கத் தமிழில் ‘புள்’ என்றால் பறவை, புள் என்றால் நிமித்தமும்கூட. பறவை பறந்த திசையையும் எழுப்பிய ஒலியையும் வைத்து வரப்போவதைக் கணித்த நெடிய மரபு நமக்கு உண்டு. அதனால் ‘குருவி ஆபத்தைச் சொல்லும்’ என்று எழுதினால் வாசகர் மனம் சகுனத்தின் பக்கம் சாயும். கேனரி எதையும் கணிப்பதில்லை. அதற்கு ஏற்கெனவே நேர்ந்துவிட்டது, அதைத்தான் பார்க்கிறோம். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம் என்பதால், ஆழத்து நிலக்கரிச் சுரங்கத்தின் மூச்சுத்திணறல் நம் பேச்சில் பழகிய படிமமாகவும் ஆகவில்லை.

எனவே ‘சுரங்கத்துக் கேனரி’ என்றே எழுதி, முதல் முறை வரும்போது ‘நச்சுக்காற்று மனிதரைத் தாக்கும் முன் மயங்கி விழுந்து காட்டும் குருவி’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. இட்லிக்கு விளக்கம் கொடுக்கும் ஆங்கில நாளிதழ்கள் இட்லியை அரிசிக் கேக் என்று மாற்றுவதை இப்போது பெரும்பாலும் விட்டுவிட்டன. நாமும் அதே மரியாதையை இந்தக் குருவிக்குத் தரலாம். கணினியின் ‘கேனரி வெளியீடு’ மட்டும் வேறு. அதற்குப் ‘பதம் பார்க்கும் வெளியீடு’ என்பது மூலத்தைவிடப் பொருத்தமான சொல்.

மீண்டும் அந்த ஆய்வறிக்கை

இப்போது ஸ்டான்ஃபோர்டு தலைப்பில் இருந்த கேள்விக்குறிக்குத் திரும்பலாம். இளைஞர்களின் வேலை குறைந்த அதே துறைகளில், வயதும் அனுபவமும் கூடியவர்களின் வேலை நிலையாக இருந்தது அல்லது வளர்ந்தது என்பதும் அந்த அறிக்கையின் கண்டுபிடிப்பு. காரணமாக ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஊகம் இது: கல்லூரியிலும் புத்தகத்திலும் கிடைக்கும் அறிவை இயந்திரம் எளிதில் கற்றுக்கொள்கிறது. வேலையில் பழகிப் பழகி வரும் நுட்பம் அதன் கைக்கு அவ்வளவு எளிதாக அகப்படுவதில்லை.

நம் நிபந்தனைகளை இங்கே வைத்துப் பார்த்தால் இரண்டு விடைகள் பிரிகின்றன. பழகி வரும் நுட்பமும் நாளை இயந்திரத்துக்கு வசப்படும் என்றால், எல்லாரும் ஒரே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். இளைஞர்கள் முதலில் விழுந்தார்கள், அவ்வளவே. அப்போது அவர்கள் கேனரி. சென்னையிலோ கோயம்புத்தூரிலோ 15 ஆண்டு அனுபவத்தோடு நிம்மதியாக இருப்பவருக்கும் அந்தச் செய்தி சொந்தச் செய்தி.

அனுபவ நுட்பம் இயந்திரத்துக்கு வசப்படாது என்றால், மூத்தவர்களின் காற்று வேறு. அப்போது இளைஞர்கள் கழுகு. அவர்களுடைய நிலை வேறு யாருக்கும் முன்னறிவிப்பு இல்லை, அவர்களுக்கே நேர்ந்த சேதம். மூத்தவர்களுக்கு ஆபத்து இருக்கிறதா என்ற கேள்வியிலேயே செய்திகள் நின்றுவிட்டால், முதல் வேலை கிடைக்காமல் நிற்கும் 22 வயதுக்காரர் கணக்கிலிருந்தே விழுந்துவிடுவார். அனுபவம் பெறும் வாசலே அடைபட்டால், பத்து ஆண்டு கழித்து அனுபவசாலி எங்கிருந்து வருவார் என்ற கேள்வியும் அங்கேதான் எழுகிறது.

இரண்டில் எது என்று இப்போது கையிலிருக்கும் எண்களால் தீர்க்க முடியாது. அடுத்தடுத்து வரும் வேலைவாய்ப்புத் தரவுகளில் கவனிக்க வேண்டிய வரி ஒன்று: அதே துறைகளில் 30 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை. அது சரியத் தொடங்கினால் தலைப்பிலிருந்து கேள்விக்குறியை எடுத்துவிடலாம். சரியாமலே இளைஞர்களின் எண்ணிக்கை மட்டும் இறங்கிக்கொண்டிருந்தால், தலைப்பில் பறவையை மாற்ற வேண்டியிருக்கும்.